கீரிக்காகப் பேசிய முள்ளம்பன்றி

புலி அரியணையில் அமர்ந்து காட்டுக்கு நீதி சொன்ன காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்து அநியாயம் ஒன்றைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பெண்மயிலின் முட்டைகள் ஒருநாள் விடியலில் காணாமல் போயின. "கீரிதான் தின்றது" என்றது அரண்மனை வழக்காடியான ஓநாய். அவ்வளவுதான். கீரியைக் கட்டிப்போட்டார்கள். பொழுது சாய்ந்ததும் மலையுச்சியிலிருந்து உருட்டிவிடச் சொல்லிக் காடே கத்தியது.

கீரிக்காகப் பேச முள்ளம்பன்றி மட்டும்தான் முன்வந்தது. வந்த பாவத்துக்கு அதையும் திருடன் என்றார்கள். "முட்டையில் உனக்கு எத்தனை பங்கு, அண்ணே?" என்று குரங்குகள் கேலி செய்தன.

முள்ளம்பன்றி மயிலின் கூட்டைப் பார்க்க அனுமதி கேட்டது. "கூடாது" என்றது காவல்காரனான உடும்பு. கீரியிடம் தனியாகப் பேசக் கேட்டது. இருவருக்கும் நடுவே வந்து படுத்துக்கொண்டது உடும்பு. மயிலிடம் ஒரு வார்த்தை விசாரிக்கக் கேட்டது. "பெற்றவள் அழுகிறாள், உனக்கு ஈவிரக்கமே இல்லையா?" என்று விரட்டியது உடும்பு.

சபை கூடியது. "முட்டை ஓடு எங்கே?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"காவலில் பத்திரமாக இருக்கிறது. திருடனின் ஆளுக்கெல்லாம் காட்ட மாட்டோம்" என்றது ஓநாய்.

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. "எனக்குக் காட்டவே வேண்டாம். ராஜா பார்க்கட்டும்! கீரி முட்டையைக் கல்லில் மோதி உடைத்துத்தான் குடிக்கும். ஓடு சிதறிக் கிடக்கும். இது இங்கே யாருக்குத் தெரியாது?"

"ஓட்டைக் கொண்டு வா" என்றது புலி. உடும்பு அசையவில்லை. ஓநாய் தரையைப் பார்த்தது.

"ஓடே கிடையாதே!" என்று விம்மியது மயில். "கூட்டில் ஒரு துண்டுகூட இல்லை. என்னை யார் கேட்டார்கள்?"

அப்படியானால் முட்டையை முழுசாக விழுங்கியது யார்? முட்டையை ஓட்டோடு விழுங்கும் உடும்பின் பக்கம் எல்லாக் கண்களும் திரும்பின. கீரியின் கட்டை அவிழ்த்த கையோடு, "உடும்பை உருட்டு!" என்று அதே வாய்கள் கத்தின.

உடும்பு கூட்டத்தைப் பார்த்துக் கெஞ்சியது: "எனக்காகப் பேச யாராவது இருக்கிறீர்களா?" ஓநாய்கூட மெல்ல நகர்ந்துகொண்டது.

முள்ளம்பன்றி பல்லைக் கடித்துக்கொண்டு உடும்பின் பக்கத்தில் போய் நின்றது. "உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை" என்று அதனிடம் சீறியது. பிறகு சபையைப் பார்த்துக் கேட்டது: "பாம்பும்தான் முழுசாக விழுங்கும். இவன் தின்றதை யார் பார்த்தது? இந்தத் தடவையாவது கூட்டை எனக்குக் காட்டுங்கள்."

அதற்கும் குரங்குகள் சிரித்தன. சிரிக்கிற குரங்கையும் ஒருநாள் கட்டிப்போடுவார்கள்.

குற்றவாளி என்று ஊர் யாரைக் காட்டினாலும், அவனுக்காகப் பேசுகிறவனின் வாயை அடைத்தால் அங்கே நீதி இருக்காது.