தத்தை செய்த நாற்பது அம்புகள்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே ஒரு சின்ன நாடு. அந்த நாட்டுக் கோட்டைக்கு வெளியே ஓர் அம்புப் பட்டறை. பட்டறையின் ஆசான் சேந்தன். அவருக்கு நாற்பது வயது. அவரிடம் கடைசியாக வந்து சேர்ந்த மாணவி தத்தை. அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவள் அவரை ‘ஆசானே’ என்பாள். அவர் அவளை ‘அக்கா’ என்பார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

தத்தை பட்டறைக்கு வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய மூத்த மகன் ஆதன் ஆற்றங்கரைச் சண்டையில் இறந்துபோனான். அவனோடு போன பதினெட்டுப் பேரில் ஒருவன் மட்டும், ஒரு கையை இழந்து, திரும்பி வந்தான். அவன் அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னான்.

“உங்க பிள்ளை பயப்படலம்மா. கண்ணைக்கூட மூடல. ஆனா நாங்க விட்ட அம்பெல்லாம் அவங்க தலைக்கு மேலேயே போயிடுச்சு. ஒண்ணுகூட இறங்கல. ஏன்னு எங்களுக்குப் புரியறதுக்குள்ள அவங்க அம்பு வந்துடுச்சு.”

அவள் அவனுக்குச் சோறு போட்டாள். ஒற்றைக் கையால் பிசையத் தெரியாமல் அவன் திணறியபோது, தானே பிசைந்து கொடுத்தாள். அவன் போன பிறகு அந்த வார்த்தைகள் அவளை விடவில்லை. பாத்திரம் துலக்கும்போது, விறகு ஒடிக்கும்போது, தலை வாரும்போது, எப்போதும் அதே நினைப்பு. ஏன் மேலே போனது? குருடனா என் பிள்ளை? பதினெட்டுப் பேருமா குருடர்கள்?

ஒரு மாதம் கழித்து அவள் பயிற்சித் திடலுக்குப் போய் வேலியோரம் நின்று பார்த்தாள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வைக்கோல் பொம்மையைக் குறிவைக்கிற கை வேறு, ஆளைக் குறிவைக்கிற கை வேறு என்பார்கள். அதனால் வீரர்களை இரண்டு வரிசையாக எதிரெதிரே எண்பது தப்படி தள்ளி நிறுத்துவார்கள். ஒரு வரிசை எய்யும். ஒரு வரிசை தோல் சட்டை போட்டுக்கொண்டு நிற்கும். எய்கிறவன் ஆளைப் பார்த்து எய்யப் பழகவேண்டும். நிற்கிறவன் அம்பைப் பார்த்து நிற்கப் பழகவேண்டும். இதற்கென்று தனி அம்பு. முனையில் இரும்பு கிடையாது, துணி சுற்றிய மரக்குமிழ்தான். மொட்டை அம்பு என்பார்கள்.

தத்தை பார்த்தாள். மொட்டை அம்பு வில்லை விட்டுக் கிளம்பியதும் தரையில் போட்ட மீன் மாதிரி வாலை அடித்துக்கொண்டது. எண்பது தப்படி போவதற்குள் களைத்து விழுந்தது. எதிரே நிற்பவன் மேல் படவேண்டுமானால் அவன் தலைக்கு மேலே ஒரு முழம் தூக்கிக் குறிவைக்க வேண்டியிருந்தது. எல்லாரும் அப்படித்தான் தூக்கினார்கள். மூன்று வருஷம், நாலு வருஷம், நாள் தவறாமல், ஆளைப் பார்த்ததும் கை தானாக ஒரு முழம் மேலே போகும்வரை.

இரும்பு முனை வைத்த போர் அம்பு நேராகப் போகும், அதையும் அந்தக் கை ஒரு முழம் தூக்கித்தான் விடும். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போனாள்.

“என்னைச் சேர்த்துக்கணும்.”

“எதுக்கு அக்கா?” என்றார் சேந்தன்.

“மொட்டை அம்பு ஏன் ஆடுதுன்னு எனக்குத் தெரியணும்.”

அவர் ஒரு கட்டு நாணலை எடுத்து அவள் மடியில் வைத்தார். “முதல்ல இதை நிமிர்த்துங்க. அனல்ல காட்டணும். கருகக் கூடாது.”

ஒரு வருஷம் அவள் நாணல் நிமிர்த்தினாள். பிறகு கேட்டாள், “ஏன் ஆடுது ஆசானே?”

“இறகு ஒட்டப் பழகுங்க அக்கா.”

இரண்டாம் வருஷம் முடிந்தபோதும் கேட்டாள்.

“பசை தண்ணியா இருக்கு பாருங்க.”

மூன்றாம் வருஷம் அவள் கேட்கவில்லை. தானே பார்க்க ஆரம்பித்தாள். போர் அம்பு ஒன்றை எடுத்துக் குறுக்கே விரலில் நிறுத்தினாள். நடுவிலிருந்து நாலு விரற்கடை முனைப்பக்கம் தள்ளி நிலை நின்றது. மொட்டை அம்பை நிறுத்தினாள். அது சரி நடுவில் நின்றது. மரக்குமிழுக்குக் கனம் போதவில்லை. முன்னால் கனம் இல்லாத அம்புக்கு எந்தப் பக்கம் தலை என்றே தெரியாது. வால் முந்தப் பார்க்கும், தலை இழுக்கும், இரண்டும் சண்டை போட்டுக்கொண்டே போகும். போதாததற்கு அகலமான கொக்கு இறகு வேறு, காற்றைக் கைநிறைய அள்ளிக்கொண்டு.

முதலில் இறகை நறுக்கிப் பார்த்தாள். அம்பு குட்டிக்கரணம் போட்டுப் பக்கத்துச் சாணிக்குவியலில் செருகிக்கொண்டது. பட்டறையே சிரித்தது.

“அக்கா வறட்டி தட்டறதுக்கு அம்பு செஞ்சிருக்காங்க!” என்றான் ஒருவன்.

“உன் வீட்டு அடுப்புக்குத்தான்டா. எடுத்துட்டுப் போ,” என்றாள்.

பிறகு மரக்குமிழைக் குடைந்து உள்ளே கொஞ்சம் ஈயம் உருக்கி ஊற்றி அடைத்தாள். மேலே பழையபடி துணி சுற்றினாள். இறகைக் குறுக்கினாள். மூன்று இறகுகளையும் ஒரே பக்கத்துச் சிறகிலிருந்து எடுத்து, நூலிழை அளவு சாய்த்து ஒட்டினாள். அம்பு திருகிக்கொண்டே போனது. ஆடவில்லை. போர் அம்பு எங்கே இறங்குமோ அங்கேயே இறங்கியது. அவள் அன்று யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், ஆதனின் பழைய வேட்டியை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் நாற்பது அம்புகள் செய்தாள்.

அவசரம் இருந்தது. இளைய மகன் அந்துவனும் படையில் சேர்ந்துவிட்டான். அவன் அணி அறுவடைக்குப் பிறகு எல்லைக்குப் போகிறது. மத்தியானம் சாப்பிடப் பட்டறைக்கு வருவான். அவள் அவன் தட்டைப் பார்க்கமாட்டாள், தோல் சட்டையின் தையலைத்தான் பார்ப்பாள்.

“இங்க பிரிஞ்சிருக்கு. கழட்டு.”

“நேத்துதானேம்மா தைச்ச?”

“நேத்து இந்தப் பக்கம். இன்னைக்கு அந்தப் பக்கம்.”

“இப்படியே போனா சட்டையில தோலைவிட நூல்தான் ஜாஸ்தி இருக்கும். எதிரி பாத்துட்டு நெசவுக்காரன்னு விட்டுடுவான்.”

அவள் சிரிக்கவில்லை. ஊசியில் நூல் கோத்தாள். “எய்யறப்போ கையைத் தூக்காதேடா.”

“தூக்கலைன்னா மொட்டை அம்பு போய்ச் சேராதேம்மா.”

“அதான் சொல்றேன்.”

எல்லைக்குப் போவதற்கு முன் திடலில் கடைசிப் பயிற்சி. அதற்கு முந்தின நாள் தத்தை தன் நாற்பது அம்புகளையும் கட்டி எடுத்துக்கொண்டு ஆசான் முன்னால் வைத்தாள்.

“நாளைக்கு எய்யற வரிசைக்கு இதைக் கொடுக்கணும் ஆசானே. ஒரு நாளாவது நேரான அம்பை ஆளைப் பார்த்து விட்டுட்டுப் போகட்டும். கை இறங்கட்டும்.”

சேந்தன் ஒன்றை எடுத்து விரலில் நிறுத்திப் பார்த்தார். இறகைத் தடவினார். நல்ல வேலை என்று அவர் முகம் சொன்னது, வாய் சொல்லவில்லை. எழுந்து ஆணியிலிருந்த தோல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த வெட்டவெளிக்குப் போனார். எண்பது தப்படி எண்ணி நடந்து, திரும்பி நின்றார்.

“விடுங்க அக்கா.”

தான் செய்த அம்பைத் தானே எய்து பார்க்கவேண்டும் என்பது அந்தப் பட்டறையின் சட்டம். நாலு வருஷத்தில் தத்தைக்கு வில் கைவந்திருந்தது. பழைய மொட்டை அம்பு ஒன்று பக்கத்தில் கிடந்தது. கை பழக்கத்தில் அதைத்தான் முதலில் எடுத்தாள். தூக்கி விட்டாள். அது ஆடி ஆடிப் போய் அவர் மார்பில் தட்டிக் கீழே விழுந்தது.

“அது இல்ல. உங்க அம்பு.”

அவள் தன் அம்பை நாணில் பூட்டினாள். இழுத்தாள். எங்கே போய்ப் படும் என்று அவளுக்குத் தெரிந்தது. மார்பைக் குறிவைத்தால் மார்பில் படும். அவர் கொஞ்சம் குனிந்துவிட்டால் முகத்தில் படும். ஈயம் எவ்வளவு என்று ஊற்றிய கைக்குத் தெரியும்.

வில்லைத் தாழ்த்தினாள்.

அவர் நடந்து வந்தார்.

“ஏன் அக்கா விடல?”

“உங்க மேல பட்டுடும்.”

“பழைய அம்பும் பட்டுச்சே.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “நெஞ்சுக்குக் கீழ குறிவைக்கச் சொல்லலாம். தலைக்குத் தோல் குல்லா தைக்கலாம், நானே தைச்சுக் கொடுக்கறேன். இன்னும் இருபது தப்படி தள்ளி நிக்கட்டும். இதெல்லாம் முடியாதா? ஆடற அம்பைக் கொடுத்துப் பழக்கி, பதினெட்டுப் பிள்ளைங்களை ஆத்துல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தாங்களே, அது மட்டும் முடியுமா?”

சேந்தன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“முன்னெல்லாம் மொட்டை அம்பு ஆடாதக்கா,” என்றார். “நேராத்தான் போகும். உங்களுது மாதிரியே, உள்ள ஈயம் வச்சு. குல்லாவும் இருந்துச்சு. அப்படியும் வருஷத்துக்கு மூணு பேர், நாலு பேர் செத்தாங்க. எனக்கு இருபது வயசு. நான் எய்யற வரிசை. எதிர்ல என் தம்பி. நாணை விடற நேரத்துல அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான். குல்லா கொஞ்சம் பின்னால சரிஞ்சிருந்துச்சு.”

தத்தை வில்லைக் கீழே வைத்தாள்.

“அந்த வருஷம் பட்டறைக்கு வந்தேன். ஈயத்தை எடுத்தேன். கொக்கு இறகு போட்டேன். எண்பது தப்படியில செத்து விழற மாதிரி நான்தான் செஞ்சேன்.”

அவள் மெதுவாகக் கேட்டாள். “கை தூக்கிப் பழகிடும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“ஆறேழு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சும் செஞ்சீங்களா?”

“தெரிஞ்சும் செஞ்சேன். சண்டை வராதுன்னு நினைச்சேன். பதினாறு வருஷம் வரல. திடல்ல ஒரு பிள்ளைகூடச் சாகல. அப்புறம் வந்துச்சு.”

அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷமாக அவள் தேடிக்கொண்டிருந்த ஆள் பக்கத்திலேயே இருந்து நாணல் நிமிர்த்தக் கற்றுக் கொடுத்திருக்கிறான். பசை காய்ச்சக் கற்றுக் கொடுத்திருக்கிறான். காய்ச்சலில் படுத்தபோது வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பியிருக்கிறான். அவனைத் திட்டவேண்டும் என்று வாய் திறந்தாள். திறந்த வாயில் அழுகைதான் வந்தது. ஆதனுக்காக அழுகிறாளா, குல்லா சரிந்த அந்தத் தம்பிக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

சேந்தன் காத்திருந்தார். பட்டறையில் மற்றவர்கள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

அழுது முடித்து அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “எந்த அம்பைக் கொடுக்கணும் ஆசானே? நீங்களே சொல்லுங்க.”

அவர் உள்ளே போய்ப் பழைய மொட்டை அம்புக் கட்டு ஒன்றை எடுத்து வந்து அவளுடைய கட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நான் ஒரு தடவை முடிவு பண்ணிட்டேன் அக்கா. இன்னொரு தடவை பண்ண என்னால ஆகாது. நாளைக்குத் திடலுக்கு அம்பு கொண்டுபோறது நீங்க. எதை எடுத்துட்டுப் போனாலும் நான் ஏன்னு கேக்கமாட்டேன். யாரு கேட்டாலும் என் அம்புன்னு சொல்றேன்.”

தத்தை இரண்டு கட்டுகளையும் பார்த்தாள். துணி சுற்றிய குமிழ்கள் எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன. தன் கட்டின் மேல் கை வைத்தாள். கையை எடுத்தாள். மற்றதன் மேல் வைத்தாள். எதிர்வரிசையில் யார் யார் நிற்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். எல்லாருடைய தாயையும் அவளுக்குத் தெரியும். ஆற்றங்கரையை நினைத்தாள். அங்கே அந்துவன் ஆளைப் பார்க்கிறான், அவன் கை ஒரு முழம் மேலே போகிறது.

தலைநிமிர்ந்தாள்.

“ஆசானே. நாளைக்கு எந்த வரிசை எய்யுது, எந்த வரிசை நிக்குதுன்னு தளபதி எழுதியிருப்பாரே. என் சின்னவன் எதுலன்னு கேட்டுச் சொல்லுவீங்களா?”

“கேட்டுச் சொல்றேன் அக்கா,” என்றார் சேந்தன். “என்ன பதில் வந்தா எந்தக் கட்டை எடுப்பீங்கன்னு மட்டும் இப்பவே சொல்லிடுங்க.”