பதினோரு வண்டித் தட்டையும் ஒரு பகல் தண்ணீரும்

ஒரு கிணறு, மூன்று பங்கு, ஒரே ஒரு பகல் தண்ணீர். வழக்கு இவ்வளவுதான். கேட்டுவிட்டு நீங்களே தீர்த்து வையுங்கள்.

சங்கம்மாளுக்கும், பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் குருவையாவுக்கும், அவள் கொழுந்தன் பெத்தணனுக்கும் அது கூட்டுக் கிணறு. எட்டு நாளைக்கு ஒருமுறை ஆளுக்கு ஒரு பகல் பாய்ச்சலாம். தன் முறையன்று மோட்டார் அறைக்கு வராதவர் முறையை விட்டுவிட்டதாக அர்த்தம்; அடுத்த ஆள் பாய்ச்சிக்கொள்வார்.

போன போகத்தில் மக்காச்சோளம் அறுத்ததும் பெத்தணன் கதிர் போக மிஞ்சிய காய்ந்த தட்டைக்குத் தீ வைத்தான். நிலம் சுத்தமாயிற்று என்று அவனுக்கு ஒரே பெருமை. சங்கம்மாளோ தட்டையை நறுக்கி நிலத்திலேயே பரப்பினாள். போதவில்லை. குருவையாவிடம் கேட்டாள்.

"அள்ளிட்டுப் போ தாயி, எனக்கு வேல மிச்சம்" என்றார் அவர்.

பதினோரு வண்டி வந்து இறங்கியது. தட்டைக்கு நடுவிலேயே அடுத்த விதையை ஊன்றினாள். "என்ன மதினி, மண்ணுக்குப் போர்வ போத்துறீகளா?" என்று பெத்தணன் கேலி செய்தான்.

கோடை முற்றிக் கிணறு அடியைத் தொட்டது. தன் முறையன்று காலையில் சங்கம்மாள் தட்டையை விலக்கி மண்ணை அள்ளிப் பிடித்தாள். கொழுக்கட்டை போலக் கையில் நின்றது. இன்னும் எட்டு நாளைக்குத் தண்ணீர் வேண்டாம்! அவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. மோட்டார் அறைச் சாவியோடு போய், காத்திருந்த இருவரிடமும் அதைச் சொல்லியும்விட்டாள். அங்கேதான் வந்தது வினை.

"ஈரத்தக் காத்தது என் தட்டதான தாயி? மிச்சத் தண்ணி எனக்குத்தான்" என்றார் குருவையா.

"நீங்க விட்டா அடுத்த மொற என்னோடது. எம் பயிரு கதிர் பிடிக்கிற நேரத்துல வாடுது" என்ற பெத்தணன் அதோடு நிற்கவில்லை. "இனிமே ஒங்களுக்குப் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கப் போதும் மதினி."

சங்கம்மாளுக்குச் சுருக்கென்றது. மிச்சம் பிடித்ததற்குத் தண்டனையா? விட்டுக்கொடுத்தால் பங்கு போகும். வீம்புக்குப் பாய்ச்சினால் தண்ணீர் வீண், கொழுந்தன் பயிரும் கருகும்.

அந்தப் பகல் தண்ணீர் யாருக்கு உரியது? சங்கம்மாள் என்ன செய்வது சரி?

விடை இதுதான். தண்ணீர் சங்கம்மாளுடையது. வேலை மிச்சம் என்று தள்ளிவிட்ட பிறகு அந்தத் தட்டையில் குருவையாவுக்கு ஏது பாத்தியதை? சாவியோடு நேரில் வந்து நின்றவள் முறையை விட்டவளும் அல்ல. தன்னுடையதைத் தானே கொடுக்கலாம். அவளும் அதைத்தான் செய்தாள். சாவியைப் பெத்தணன் கையில் வைத்து, "இது விட்ட மொற இல்ல, கைமாத்து. நான் கேக்கிற அன்னைக்குத் திருப்பித் தரணும். அறுப்பு முடிஞ்சா ஒங்க தட்டையில தீக்குச்சி படக் கூடாது. குருவையாண்ணே சாட்சி" என்றாள்.

அடுத்த அறுப்பில் குருவையாவிடம் மறுபடியும் தட்டை கேட்கப் போனாள். "ஒரு தட்டகூடத் தர மாட்டேன் தாயி, என் நெலத்துக்கு வேணும்" என்றுவிட்டார். வெறுங்கையோடு திரும்பிய சங்கம்மாளுக்கு அன்றைக்கு இருந்த பெருமை வேறு எந்நாளும் இருந்ததில்லை.