கிராதியில் கட்டின கிடா

எங்கள் சபையில் மணி அடிப்பதும் கோயிலைப் பெருக்குவதும் கோயில்பிள்ளையான என் வேலை. ஆட்டுப் புழுக்கை அள்ளுவது அதில் சேராது. ஆனாலும் விளைச்சலையும் ஆடு கோழியையும் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை ஒன்றில் அதையும் அள்ளினேன். வருத்தம் ஒன்றும் இல்லை.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை. தூண்களில் கரும்பும் வாழைக்குலையும் கட்டிக்கொண்டிருந்தேன். மாசிலாமணி அண்ணாச்சி ஒரு கையில் கறுப்புக் கிடாவையும் மறு கையில் காகிதக் கட்டையும் பிடித்துக்கொண்டு வந்தார்.

அண்ணாச்சி மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்திரண்டு. பீடத்தில் ஏறிப் பிரசங்கம் பண்ண வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் ஆசை. அதற்காக இரண்டு வருஷமாக எங்கள் ஆயர் எப்சிபா அம்மாவிடம் பாடம் கேட்டார். அம்மா அவருடைய மூத்த மகளைவிட இளையவர். ஆனாலும் அண்ணாச்சி அவர் முன்னால் உட்காரமாட்டார்.

மறுநாள்தான் அவருடைய முதல் பிரசங்கம். ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். மதுரையிலிருந்து சம்பந்தி வீட்டார் வேறு வருகிறார்கள்.

"அம்மா, மலைப்பிரசங்கத்துல காணிக்கைப் பகுதியை எடுத்திருக்கேன்" என்றார், பலிபீடத்தில் பூ வைத்துக்கொண்டிருந்த எப்சிபா அம்மாவிடம். "காணிக்கை கொண்டுவந்தவனுக்கு, சகோதரன் நம்ம மேல குறையா இருக்கானேன்னு நெனப்பு வந்தா, காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால வச்சுட்டுப் போயி ஒப்புரவாகணும். அப்புறம்தான் வந்து கொடுக்கணும். நாப்பது நிமிஷம். மூணு குறிப்பு. ஒரு சந்தேகம்தான்."

"கேளுங்கய்யா."

"இதை இந்தக் காலத்துக்கு எப்படிப் பொருத்துறது? இப்ப யாரு பலிபீடத்துக்கு ஆடு மாடு கொண்டுட்டு வாரா?"

கிடா கத்தியது.

அம்மா கிடாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அண்ணாச்சி மட்டும் பார்க்கவில்லை.

"உங்க தம்பி எப்படி இருக்காங்க?" என்று கேட்டார் அம்மா.

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. "அவன் பேச்சு எதுக்கும்மா? எனக்கு அவன்மேல ஒரு குறையும் கிடையாது. அவனுக்குத்தான் என்மேல."

"அப்படித்தான் எழுதியிருக்கு" என்றார் அம்மா.

தம்பி அருமைநாயகத்தின் வீடு கோயிலுக்கு நேர் பின்னால். எட்டு மாசமாக அவர் கோயிலுக்கு வரவில்லை. கோயில் பக்கத்து ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. காரணம் ஊருக்கே தெரியும். அவர் மகன் பெனியேல், கூடப் படித்தவன் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரே ஒரு நாள் குடித்துவிட்டான். அண்ணாச்சி சபை வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினார்: 'என் தம்பி மகன் பெனியேல் குடியின் பிடியிலிருந்து விடுதலையாக ஊக்கமாய் ஜெபிக்கவும்.' குரூப்பில் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். கீழே வரிசையாக ஆமென். பெனியேலுக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் தாய்மாமாவும் ஓர் ஆமென் போட்டார். மறுநாளே சம்பந்தம் முறிந்தது.

நானும் ஆமென் போட்டேன். அதை இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

"கிடாவைக் கட்டுங்க" என்றார் அம்மா.

"எங்கம்மா?"

"பலிபீடத்துக்கு முன்னாலதான். அந்தக் கிராதிக் கம்பியில."

"கோயிலுக்குள்ளயா? அசிங்கம் பண்ணிருமே!"

"கோயில்பிள்ளை இருக்காரு" என்றார் அம்மா. என்னை யாரும் கேட்கவில்லை.

அண்ணாச்சி கட்டிவிட்டுத் தம்பி வீட்டுக்குப் போனார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.

"கேட்டு சாத்தியிருக்கும்மா."

"தட்டினீங்களா?"

"சாத்தியிருந்துச்சு."

அம்மா பூ வைத்துக்கொண்டே இருந்தார். கிடா ஒரு கரும்பைப் பிடித்து இழுத்துத் தோகையைத் தின்ன ஆரம்பித்தது.

அண்ணாச்சி வாசல் படியில் உட்கார்ந்து போனை நோண்டினார். கொஞ்ச நேரத்தில் உற்சாகமாக எழுந்து வந்தார். "வழி கண்டுபிடிச்சுட்டேம்மா. குரூப்புல போடப்போறேன். கேளுங்க. 'என் தம்பி அருமைநாயகத்தின் கடின இருதயம் உருகும்படி ஊக்கமாய்...'"

அம்மா கையை நீட்டினார். அண்ணாச்சி போனைக் கொடுத்துவிட்டார்.

இரண்டாவது முறை போனவர் சாயங்காலம்தான் வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"தட்டினேம்மா. மன்னிப்பும் கேட்டேன். முன்னூறு பேர்ட்ட நீ சொன்னேல்லா, மன்னிப்பு மட்டும் எனக்குத் தனியா எதுக்குன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டான்." பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "கிடாவை வாங்கிக்கிடுங்கம்மா."

"கட்டியே இருக்கட்டும்."

"நாளைக்குப் பிரசங்கம்?"

"நீங்கதான்."

ஞாயிறு விடிய முதல் மணி அடிக்கப் போனேன். கோயில் வாசலில் அருமைநாயகம் ஒரு கட்டு இலைக்குழையோடு நின்றார்.

"நான் கோயிலுக்கு வரல" என்றார் முதலிலேயே. "ஆட்டுக்கு வந்தேன். ராவெல்லாம் கத்துது. எங்கண்ணனுக்குக் கட்டத் தெரியும், தீனி போடத் தெரியாது."

குழையைப் போட்டார். தண்ணீர் காட்டினார். ஆராதனை தொடங்கிய பிறகும் போகவில்லை. ஆடு தின்று முடிக்கட்டும் என்று கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார். ஆடு எப்போதோ தின்று முடித்துவிட்டது.

அண்ணாச்சி பீடத்தில் ஏறிக் காகிதங்களை விரித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். முதல் பெஞ்சில் சம்பந்தி வீட்டார் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களே" என்றார்.

கிடா கத்தியது. பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள்.

அண்ணாச்சி கிடாவைப் பார்த்தார். அதைக் கொண்டுவந்ததிலிருந்து அப்போதுதான் அவர் அதைச் சரியாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். காகிதங்களை மடித்தார்.

"எட்டு மாசத்துக்கு முன்னால என் தம்பி மகனுக்காக ஜெபிக்கச் சொல்லி குரூப்புல போட்டேன். அது ஜெபம் இல்ல. புறணி. ஜெபம்னா கதவைச் சாத்திட்டு நானே பண்ணியிருப்பேன். அந்தப் பிள்ளை குடிகாரன் இல்ல. அவன் வாழ்க்கையை நான் கெடுத்தேன். பெனியேல்ட்டயும் என் தம்பிட்டயும் உங்க எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கேன்."

யாரும் ஆமென் சொல்லவில்லை.

அண்ணாச்சி இறங்கினார். நாற்பது நிமிடப் பிரசங்கம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. சம்பந்தி வீட்டம்மா கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

"இப்ப உங்க காணிக்கையைக் கொண்டாங்க" என்றார் எப்சிபா அம்மா.

அண்ணாச்சி கிராதிக்குப் போனார். ராத்திரியெல்லாம் கிடா இழுத்ததில் முடிச்சு இறுகிக் கிடந்தது. அண்ணாச்சி முடிச்சோடு மல்லுக்கட்டினார். நகத்தால் கிள்ளினார், பல்லால்கூடக் கடித்துப் பார்த்தார். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன், அம்மா கண்ணாலேயே என்னை உட்காரவைத்தார்.

கடைசித் தூணிலிருந்து செருப்பில்லாத கால்கள் நடந்து வந்தன.

"தள்ளுண்ணே. முப்பது வருஷம் கரண்டு வேலை பாத்த மனுசன் போடுற முடிச்சா இது!"

அருமைநாயகம் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கிடா திமிறியது. ஆளுக்கொரு கொம்பாகப் பிடித்து இரண்டு பேரும் அதை அம்மாவிடம் கொண்டுவந்தார்கள். அண்ணாச்சியின் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கக் கை இல்லை.

அம்மா கிடாவின் தலையில் கை வைத்தார்.

"நேத்து ஒரு சந்தேகம் கேட்டீங்களேய்யா. இந்தக் காலத்துக்கு எப்படிப் பொருத்துறதுன்னு. இப்பக் கேளுங்க, சொல்றேன்."

அண்ணாச்சி, மறு கொம்பைப் பிடித்திருந்த தம்பியைப் பார்த்தார்.

"என்ன சந்தேகம்ணே?" என்றார் அருமைநாயகம்.

"ஒண்ணுமில்லடே" என்றார் அண்ணாச்சி. "ஆட்டைப் பிடி."