ஜீயஸுக்குப் பாதிச் சவரம்

சத்தியம்! இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இப்போதே சுருண்டு விழட்டும்!

கருவேலங்குடி ஜமீன்தாருக்குச் சீமைக்குப் போய்வந்ததிலிருந்து கிரேக்க சாமிப் பித்து. அன்று விருந்தாளிகள் நடுவே, நாவிதன் மருதப்பனிடம் மொட்டை போட்டுக்கொண்டே முழங்கினார்.

"கிரேக்க சாமிகளுக்கெல்லாம் ராஜா ஜீயஸ். அது நான்! அடே மருதப்பா, நீ எந்தச் சாமியா இருப்பே? அந்தச் சாமி முன்னால நானே தலைகுனியற மாதிரி ஒண்ணைச் சொல்லணும். இல்லேன்னா உன் மானிய நிலம் போச்சு!"

விருந்தாளிகள் கைகொட்டிச் சிரித்தார்கள். முன்தலையை வழித்து முடித்திருந்த மருதப்பன் கத்தியை நிறுத்தினான்.

"நான் நொண்டிக் கொல்லன் ஹெபஸ்டஸ், எசமான்."

"நொண்டிக்கு நான் குனியவா? மாட்டேன்டா!"

"ஜீயஸுக்கு மண்டையிடி வந்தப்போ, கோடாலியால பிளக்கச் சொல்லி அந்தக் கொல்லன்கிட்டதான் தலையைக் கொடுத்தார்னு நீங்கதானே சொன்னீங்க? சரி, வேண்டாம். குனியாம பின்தலையை வழிக்க முடியாது. நான் வர்றேன் எசமான்."

அந்நேரம் பார்த்து வாசலில் கலெக்டர் துரையின் குதிரைவண்டி வந்து நின்றது! ஜமீன்தார் பாதி மொட்டையைத் தடவிப் பார்த்தார். அடுத்த நொடி குனிந்தார் பாருங்கள், தாடை போய் மார்பில் இடித்தது!

மருதப்பன் நிலம் தப்பியது. இதைச் சொன்னது யாரென்று ஜமீன் ஆட்கள் கேட்டால், ஏதோ காக்கை கத்தியது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்!