தொட்டில் விற்ற முள்ளம்பன்றி

செய்தி சுமக்க மைனாக்கள் இருந்த ஒரு காட்டில், முள்ளம்பன்றி ஒன்று தன் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. பேரம் என்று வந்துவிட்டால் அந்தக் காட்டில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. விலையில் ஒரு மணி குறைத்துக் கேட்டால் போதும், முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்துக்கொள்ளும்.

அங்கே யாராவது பழைய பொருளை விற்க நினைத்தால் மைனாவிடம் சொல்லி அனுப்புவார்கள். மைனா காடு முழுக்கப் பறந்து, சொன்னவர் குரலிலேயே, சொன்னதைச் சொன்னபடி ஒப்பிக்கும். அது மெய்யா பொய்யா என்பது மைனாவின் கவலை இல்லை.

தானியமெல்லாம் பெரிய ஆலமரத்துப் பொந்துகளில் இருந்தது. குடும்பத்துக்கு ஒரு பொந்து. எல்லாவற்றுக்கும் காவல் அணில். தன் பொந்திலிருந்து இன்னொருவருக்குத் தானியம் கொடுக்க வேண்டுமானால், ஓர் இலையில் கால்தடம் பதித்து அனுப்ப வேண்டும். யாருடைய பொந்துக்கு, எத்தனை படி என்பதை இலை கொண்டுவருபவர் சொல்வார், தடத்தைப் பார்த்ததும் அணில் அள்ளிப் போட்டுவிடும். கேட்டதற்குப் பதில் சொல்லும், கேட்காததைச் சொல்லாது.

மழைக்காலம் நெருங்கியது. முள்ளம்பன்றியின் பொந்தில் முப்பது படி கம்பு இருந்தது. ஆனால் குட்டிகள் வளர்ந்துவிட்டன, அவற்றின் வயிறும் வளர்ந்துவிட்டது. இன்னும் இருபது படி சேர்ந்தால்தான் மழை ஓயும்வரை மூவரும் பசியில்லாமல் இருக்கலாம். குட்டிகள் படுத்து வளர்ந்த மூங்கில் தொட்டில் மூலையில் சும்மாதானே கிடக்கிறது?

"தொட்டில் விற்பனைக்கு! விலை இருபது படி கம்பு!" என்று மைனாவிடம் சொல்லி அனுப்பியது.

முதலில் முயல் வந்தது. தொட்டிலைத் தட்டிப் பார்த்தது. கவிழ்த்துப் பார்த்தது. மோந்தும் பார்த்தது.

"ஆடுகிறதே, அக்கா."

"தொட்டில் ஆடாமல் பாடுமா?"

"துணியெல்லாம் முள் குத்திய ஓட்டை."

"உன் பிள்ளைகளுக்குக் காற்று வரும். பதினெட்டு. அதுதான் கடைசி."

"கையோடு பன்னிரண்டு படி கொண்டுவந்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் முடியாது, அக்கா."

"பன்னிரண்டா! அதற்குத் தொட்டில் கயிறுகூட வராது. நடையைக் கட்டு!"

முயல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அது போன கொஞ்ச நேரத்தில் மைனா வந்து கிளையில் உட்கார்ந்தது. இந்த முறை அதன் வாயிலிருந்து வந்தது கனமான, மரியாதையான ஒரு குரல்.

"வணக்கம், அக்கா. நான் சிங்கராஜாவின் எல்லைப் படையில் காவலன். உங்கள் தொட்டில் எனக்குப் பிடித்துவிட்டது. இருபது படியே தருகிறேன். காட்டைக் காக்கிறவன் ஒரு தாயிடம் பேரம் பேசலாமா?"

பார்க்காமலே எப்படிப் பிடித்தது என்று முள்ளம்பன்றிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. ஆனால் இருபது படி என்ற சொல் காதில் இனித்தது.

"பார்த்தீர்களா, இவன் ஆள்! அந்த முயலும் இருக்கிறானே!" என்று குட்டிகளிடம் சொல்லிச் சிரித்தது. ஆயுள் முழுக்கப் பேரம் பேசிய முள்ளம்பன்றி, பேரமே பேசாத ஒருவன் வந்ததும் புத்தியைப் பறிகொடுத்தது.

மைனா மறுபடி வந்தது. "நான் எல்லையைவிட்டு நகர முடியாது, அக்கா. நாளை என் ஆள் வந்து தொட்டிலை எடுத்துக்கொள்வான். உங்கள் நம்பிக்கைக்காக இப்போது ஒரு பிடி கம்பு அனுப்பியிருக்கிறேன். வந்ததா என்று பாருங்கள்."

முள்ளம்பன்றி ஆலமரத்துக்கு ஓடிப்போய்க் கேட்டது. ஒரு பிடி வந்துதான் இருந்தது. அதற்குமேல் என்ன சந்தேகம்?

அடுத்த முறை மைனா ஓர் இலையோடு வந்தது. "இது இருபது படிக்கான இலை. இதில் உங்கள் கால்தடத்தைப் பதித்து அணிலுக்கு அனுப்புங்கள். தானியம் உங்கள் பொந்தில் வந்து விழும். படையில் இதுதான் வழக்கம். சீக்கிரம், அக்கா, என்னை ரோந்துக்குக் கூப்பிடுகிறார்கள்!"

முள்ளம்பன்றி சேற்றில் காலை நனைத்தது. பதித்தது. அனுப்பியது.

உடனே மைனா பதறிக்கொண்டு வந்தது. பதற்றமும் அந்தக் குரலுடையதுதான்.

"ஐயோ அக்கா, இலை மாறிப்போயிற்று! உங்கள் இருபது படி என்னிடம் வந்துவிட்டது. பயப்படாதீர்கள். இதோ இன்னோர் இலை. இதிலும் தடம் வையுங்கள். உங்களுடையதும் தொட்டில் விலையும் சேர்ந்து நாற்பது படியாக வந்துவிடும்."

முள்ளம்பன்றி இந்த இலையை மைனாவிடம் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு ஆலமரத்துக்கு ஓடியது. அணிலின் முன்னால் வைத்து, சேற்றுக் காலைத் தூக்கியது.

"யாருக்குக் கொடுக்கிறாய்?" என்றது அணில்.

"கொடுக்கவில்லை. வாங்குகிறேன்!"

"வாங்குவதற்கு எதற்குக் கால்தடம்? சற்றுமுன் ஒரு பிடி வந்ததே, அதற்கு உன்னிடம் தடம் கேட்டேனா?"

தூக்கிய கால் அப்படியே நின்றது. சேறு சொட்டியது.

"அப்படியென்றால் என் இருபது படி?"

"நரியின் பொந்துக்குப் போனது. நீதானே தடம் வைத்தாய்?"

"நரியா? எல்லைக் காவலன் என்றானே!"

"அது மைனாவிடம் சொன்ன பேர். என்னிடம் இருப்பது நரியின் பொந்துதான்."

"இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?"

"நீ கேட்கவில்லை."

இன்னொருவராக இருந்தால் வெட்கப்பட்டு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு காடே அதிரக் கத்தியது.

"ஏமாந்துவிட்டேன்! நரி என் கம்பைச் சுருட்டிவிட்டது! அணிலே, முதலில் அந்தப் பொந்தை அடை!"

அணில் பாய்ந்து போய்ப் பார்த்தது. பாதியை நரி அதற்குள் அள்ளிப் போயிருந்தது. மீதிப் பத்துப் படியை அணில் களிமண் வைத்து அடைத்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் கூடிவிட்டார்கள். "மெதுவாகப் பேசு, அக்கா. ஊர் சிரிக்கும்," என்றது கரடி.

"சிரிக்கட்டும்! போனது என் பிள்ளைகளின் சோறு. அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?"

கரடி தரையைப் பார்த்தது. "போன வாரம் நான் தேன் சட்டி விற்றபோது, என்னிடமும் ஒரு எல்லைக் காவலன்..."

"என்னிடமும்தான்," என்றது மான், யாருக்கும் கேட்காத குரலில்.

முள்ளம்பன்றி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. "அப்போதே நீங்கள் வாயைத் திறந்திருந்தால் என் கம்பு தப்பியிருக்குமே!"

அந்த நேரம் பார்த்து மைனா வந்து இறங்கியது. "அக்கா, தடம் வைத்தாயிற்றா?" என்றது அதே கனமான, மரியாதையான குரல்.

"இதேதான்! இதே குரல்தான்!" என்று கரடி உறுமியது.

"மைனா, என் குரலிலேயே போய்ச் சொல்," என்றது முள்ளம்பன்றி. "தொட்டில் இங்கேதான் இருக்கிறது. கம்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வா. தடம்தானே வேண்டும்? உன் முதுகிலேயே பதித்துத் தருகிறேன்!"

மைனா ஒரு வார்த்தை விடாமல் போய்ச் சொன்னது. நரி வரவில்லை.

அடைத்து வைத்த பத்துப் படி முள்ளம்பன்றிக்குத் திரும்பக் கிடைத்தது. போன பத்துக்கும் வராத இருபதுக்குமாக அந்த மழைக்காலம் முழுவதும் அது நனைந்துகொண்டே கிழங்கு தோண்டியது.

நீதி: நமக்கு வரவேண்டியதை வாங்கிக்கொள்ள நம் கால்தடம் தேவையில்லை, தடம் கேட்கிறவன் எடுத்துப் போக வந்தவன்.