பைன் மரம் அழவில்லை

மலைமேல் பைன் காட்டுக்குள் அம்பலவாணர் என்ற துறவி இருந்தார். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தெய்வானைக்கு ஐம்பத்தெட்டு. மலையடி ஊரில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர்.

அந்த ஊருக்கு ஒரே ஓடைதான். புதிதாக வந்த விடுதிக்காரர் அதை மறித்துத் தன் தோட்டத்துக்குத் திருப்பப் பார்த்தார். தெய்வானை ஓடைக்குள் இறங்கி நின்றுகொண்டார். விடுதி ஆட்கள் பிடித்துத் தள்ளினார்கள். பாறையில் விழுந்து முழங்கை கிழிந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடு மலையேறி வந்தார்.

“சாமி, பொறுமையா இரு, பொறுமையா இருன்னு சொல்றீங்களே. இதையும் பொறுத்துக்கணுமா?”

அம்பலவாணர் எழுந்து நடந்தார். தெய்வானை பின்னால் போனார். ஒரு பைன் மரத்தின் முன் நின்றார்கள். அடிமரம் முழுக்க மஞ்சள் மஞ்சளாய்ப் பிசின் வழிந்து கட்டியிருந்தது.

“இந்த மரம் என்னம்மா செய்யுது?”

“அழுவுது சாமி. பாவம்.”

“கிட்டப் போய்ப் பாருங்க.”

பார்த்தார். ஒவ்வொரு கட்டியிலும் அரிசி அளவில் ஒரு கறுப்பு வண்டு செத்து ஒட்டியிருந்தது.

“வண்டு பட்டையைத் துளைச்சுச்சு. மரம் பிசினை விட்டு அதை வெளியே தள்ளிடுச்சு. ஓட்டையையும் அடைச்சிடுச்சு.”

தெய்வானை பக்கத்து மரத்தைப் பார்த்தார். இலையெல்லாம் செம்பட்டையாய்க் காய்ந்திருந்தது. பிசின் ஒரு சொட்டு இல்லை. தொட்டதுமே பட்டை கையோடு வந்தது. உள்ளே மரம் முழுக்க வண்டு குடைந்த தடம்.

“இது ஏன் சாமி இப்படி?”

“வறட்சியில பிசின் வத்திப்போச்சு. முதல் வண்டு சுலபமா நுழைஞ்சிடுச்சு. அப்புறம் வாசம் விட்டு மத்த வண்டையெல்லாம் அதுதான் கூப்பிட்டுச்சு.”

தெய்வானை கையோடு வந்த பட்டையைக் கீழே போட்டார்.

“எனக்குப் பயமாத்தான் இருக்கு சாமி.”

“இருக்கட்டும்மா.”

அப்போது விடுதி மேலாளர் இரண்டு ஆட்களோடு மேலே வந்தார். தெய்வானையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சாமி, நாளைக்குக் காலையில ஓடையில சுவர் எழுப்பப் போறோம். இந்தம்மா குறுக்கே வரக் கூடாது. உங்க சீடர்தானே? கொஞ்சம் பொறுமையைச் சொல்லிக் குடுங்க.”

“அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன்” என்றார் அம்பலவாணர். “எத்தனை நாளானாலும் ஓடையை விட்டு நகர மாட்டாங்க.”