பலகையின் அடிப்பக்கம்

மருதங்காவல் செண்பகத்தம்மை கோயிலை ஒட்டிய சிற்பப் பள்ளியில் சிவக்கொழுந்தார் ஒன்பது ஆண்டுகளாக மாணவராகவே இருந்தார். உடன் சேர்ந்தவர்கள் தேர்வேலைக்கும் கதவுவேலைக்கும் போய்விட்டார்கள். இவருக்கு வாய்த்தது இழைப்புச் சுருளைக் கூட்டி அள்ளுவதும், பசை காய்ச்சுவதும், மற்றவர்களின் உளிகளைத் தீட்டிக் கொடுப்பதும்தான். கை மந்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான்.

ஆனால் விடிந்ததும் குளித்துத் திருநீறணிந்து, நூற்றுக்கால் மண்டபத்துச் சிலைகளை ஒவ்வொன்றாக நின்று பார்ப்பார். அதுவே அவர் அறிந்த பூசை. ஒருநாள், சுவரோரத்தில் நிற்கும் அம்மையின் சிலைக்குப் பின்னே ஒரு சாண் இடுக்கில் அகல்விளக்கை நீட்டிப் பார்த்தார். எவர் கண்ணுக்கும் எட்டாத அந்த முதுகில் பின்னலும், பின்னலின் நுனியில் குஞ்சமும் மயிரிழை பிசகாமல் செதுக்கப்பட்டிருந்தன. கண்ணீர் பெருக அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அவ்வூரில் ஆண்டுதோறும் ஆடிப்பூரத்துக்கு அம்மை புதுப் பலகையில் எழுந்தருள்வது வழக்கம். மாணவர்கள் ஆளுக்கொரு பலாப்பலகை செய்ய, தேர்ந்தெடுத்தது அம்மைக்குப் போகும். மற்றவை காய் நறுக்கும் மணையாக மடைப்பள்ளிக்குப் போகும். அந்த ஆண்டும் தேறாவிட்டால் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்று தலைமைத் தச்சர் சிவக்கொழுந்தாரிடம் சொல்லிவிட்டார். போவதில் அவருக்கு வருத்தமில்லை. விடியலில் அந்தச் சிலைகளைப் பார்க்க முடியாதே என்பதுதான் வருத்தம்.

இருந்தும் அவர் செய்தது என்ன? பலகையைக் கவிழ்த்துப் போட்டார். உப்புத்தாளால் அடிப்பக்கத்தை நாள்கணக்கில் தேய்த்தார், விளிம்புகளை உருட்டினார், நட்டநடுவே எட்டிதழ்த் தாமரை ஒன்றைச் செதுக்கினார். தம் பலகையின் முகப்பில் யாளியும் கொடியும் செதுக்கிக்கொண்டிருந்த சக மாணவர் விருபாட்சருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏங்க, அம்பாள் குனிஞ்சா பாக்கப் போறா?"

"பாக்க மாட்டாதான். ஆனா அவ முதுகுப் பின்னலையும் ஒருத்தர் செதுக்கி வெச்சிருக்காரு," என்றார் சிவக்கொழுந்தார்.

கெடு வந்தது. அவர் பலகையின் முகப்பு வெறுமையாக இருந்தது. விருபாட்சரின் பலகை அம்மைக்குப் போயிற்று. இவருடையது மற்றவற்றோடு மடைப்பள்ளி வாசலில் அடுக்கப்பட்டது. சிவக்கொழுந்தார் யாரையும் நொந்துகொள்ளவில்லை. பூரத்தன்று பள்ளி முற்றத்தைக் கடைசி முறையாகக் கூட்டத் தொடங்கினார்.

சன்னதியில் அர்ச்சகர்கள் இருவர் பலகையின் அடியில் விரல் கொடுத்து அம்மையைத் தூக்கினார்கள். இழைக்காத அடிமரத்தின் சிலாம்பு மூத்த அர்ச்சகரின் விரலில் ஏறிற்று. அம்மையைப் பீடத்தில் இறக்குவதற்குள் ஒரு துளி ரத்தம் பலகையில் விழுந்தது. ரத்தம் பட்ட பலகை ஆகாது. மடைப்பள்ளி வாசலில் இருந்தவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். விரல் வலியோடு அர்ச்சகர் ஒவ்வொன்றின் அடியிலும் கையை ஓட்டிப் பார்த்தார். எல்லாம் சொரசொரப்பு. முகப்பு வெறுமையாக இருந்த கடைசிப் பலகையின் அடியில் போன கை அங்கேயே நின்றது.

"அடியில பூ பூத்திருக்குய்யா," என்றார் அர்ச்சகர். "தூக்கற கைக்குன்னே செஞ்சிருக்கான். இதுலதான் உக்காரணும்னு அவ முன்னாடியே முடிவு பண்ணிட்டா."

தலைமைத் தச்சர் தாமே முற்றத்துக்கு வந்து, சிவக்கொழுந்தார் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தார். அம்மை வாசல் கடந்து வந்தபோது முகப்பில் பார்க்க ஒன்றும் இல்லாததால், கூடியிருந்த சனம் அவள் முகத்தையே பார்த்தது.

அதன்பின் மருதங்காவலில் அடிப்பக்கம் இழைக்காத பலகை சன்னதிக்குள் போவதில்லை. ஒருவரும் காணாத இடத்தில் அம்மைக்கென்று பூ வைத்த சிவக்கொழுந்தாரின் மந்தமான கைகளை வணங்குவோம்.